அடியைத் திருப்பிப் பாருங்கள்

(பொகவந்தலாவையில் ஆசிரியர்களும் தோட்டத்து இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பித்தளைக் குடத்தையோ எவர்சில்வர் தட்டையோ திருப்பினால் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சீராக வந்த சாமான் என்றால் கொடுத்த மாமன் பெயரும் தேதியும்கூட இருக்கும். அது உடையவர் பெயர். கண்ணாடியில் அப்படி வெட்ட முடியாது. உளி பட்டால் சாமானே போய்விடும். ஆகவே ஒரு கண்ணாடித் தட்டின் அடியில் எழுத்தோ உருவமோ எண்ணோ மேடாகத் தெரிந்தால், அது நம்மவர் போட்டதல்ல, எங்கேயோ ஒரு தொழிற்சாலை தன் அச்சில் வெட்டி வைத்தது. செய்தவன் பெயர் தெரியும், வைத்திருந்தவன் பெயர் தெரியாது. இன்றைய பேச்சு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அச்சுக் கண்ணாடி என்பது என்ன? ஊதிச் செய்த கண்ணாடி வேறு, அழுத்திச் செய்த கண்ணாடி வேறு. வீட்டிலே கொழுக்கட்டை அச்சு பார்த்திருப்பீர்கள்: இரண்டு பாதியாகத் திறக்கும், உள்ளே பூ வேலை, மாவை வைத்து அழுத்தினால் வேலைப்பாடு மாவில் பதியும், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழும். கண்ணாடிக்கும் அதே கதைதான். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து ஓர் உந்துதண்டை இறக்கி அழுத்துவார்கள். 1820களில் அமெரிக்காவில் இந்த முறை தொழிலாக வளர்ந்தது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகு அங்கேயும் வேகம் பிடித்தது. பணக்காரர் வீட்டு வெட்டுக் கண்ணாடியைப் போலத் தோற்றம், விலையோ அதில் சிறு பங்கு.

அழுத்தியதா ஊதியதா என்று கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். வெளியே மேடுபள்ளமாக வேலைப்பாடு இருந்தும் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால், உந்துதண்டு இறங்கியிருக்கிறது. அது அச்சுக் கண்ணாடி. வெளியே உள்ள மேடுபள்ளம் உள்ளேயும் தெரிந்தால் அச்சுக்குள் ஊதியது. முத்திரையைத் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஊதிய சாமானில் அச்சுக் கண்ணாடிக்காரரின் முத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்குக்குக் கண்ணாடி மூன்று வழியாக வந்தது. முதலாவது, துரைமாரின் பெட்டிகள். கோப்பிக் காலத்திலிருந்தே கொழும்பில் இறங்கி மலை ஏறியவை. இரண்டாவது, கடைத்தெரு. கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஹட்டன் கடைகளுக்கு வந்த கிளாஸ், லாம்புச் சிமினி, போத்தல். மூன்றாவது, நம் அம்மாமாரும் அக்காமாரும் மத்திய கிழக்கிலிருந்து கொண்டு வந்த பெட்டிகள். சேகரிப்பாளர்களின் புத்தகங்கள் முதல் வகையைத் தலையில் வைத்துக் கொண்டாடும், இரண்டாவதை ஓரமாகச் சொல்லும், மூன்றாவதைச் சொல்லவே சொல்லாது. என் வரிசை இதற்கு நேர் எதிர். ஆனாலும் முத்திரை படிக்கும் பாடம் முதல் வகையில்தான் நன்றாக விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வட இங்கிலாந்தில் டைன், வேர் என்று இரண்டு ஆறுகள். அவற்றின் கரையில் கேட்ஸ்ஹெட், சண்டர்லாண்ட் ஊர்களில்தான் பிரிட்டனின் அச்சுக் கண்ணாடித் தொழில் பெருகியது. கேட்ஸ்ஹெட்டின் சவர்பி நிறுவனத்து முத்திரை மயில் தலை. அதே ஊரில் 1867இல் தொடங்கிய டேவிட்சன் நிறுவனத்தின் முத்திரை கோட்டைக் கொத்தளத்திலிருந்து எழும்பும் சிங்கம். சண்டர்லாண்டின் கிரீனர் நிறுவனமும் சிங்கத்தைத்தான் வைத்துக்கொண்டது. முந்திய முத்திரையில் சிங்கத்தின் கையில் நட்சத்திரம், பிந்தியதில் கோடரி. இலங்கையில் ஒருவர் கண்ணாடியில் சிங்கத்தைக் கண்டவுடன் வேறு நினைவுகள் வரலாம்; அது அந்தச் சிங்கம் அல்ல! மான்செஸ்டரின் ஜான் டெர்பிஷயர் நங்கூரத்தோடு தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். நங்கூரம் என்றதும் அமெரிக்காவின் ஆங்கர் ஹாக்கிங் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த நங்கூரத்தின் மேல் 'எச்' எழுத்து படிந்திருக்கும். காலமும் 20ஆம் நூற்றாண்டு.

இந்த உருவங்கள் எல்லாம் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு பச்சரிசி அளவுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். அடியின் நடுவில் இருக்கலாம், உள்பக்கத்தில் இருக்கலாம், பூ வேலைக்குள் ஒளிந்தும் இருக்கலாம். அழுத்தி எடுத்த சாமானை மறுபடி தீயில் காட்டிப் பளபளப்பு ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் முத்திரையும் கொஞ்சம் மழுங்கிவிடும்.

உருவத்தைவிட நமக்குக் கூடுதலாக உதவுவது பதிவு முத்திரை. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் ஒரு வடிவத்தைப் பதிவு செய்தால் அதற்கென ஒரு சாய்சதுரக் குறி கொடுத்தார்கள். நடுவில் 'ஆர்டி' என்ற இரண்டெழுத்து. உச்சியில் ஒரு சிறு வட்டத்துக்குள் ரோம எண் மூன்று. மூன்று என்றால் கண்ணாடி வகுப்பு, நான்கு என்றால் பீங்கான். மற்ற மூலைகளில் ஆண்டு, மாதம், நாள், கட்டு எண். இதில் ஒரு சிக்கல்: 1867 வரை ஆண்டின் எழுத்து மேல் மூலையில், 1868இலிருந்து வலது மூலையில். எழுத்துகளும் அகர வரிசையில் போகாது. 1868க்கு 'எக்ஸ்', அடுத்த ஆண்டுக்கு 'எச்', அதற்கடுத்து 'சி'. போட்டிக்காரன் எளிதில் ஊகிக்கக் கூடாது என்று செய்ததுபோல இருக்கிறது; நமக்குத்தான் தலைவலி. கண்ணாடி வடிவத்துக்கு அந்தப் பதிவு மூன்று ஆண்டு பாதுகாப்புத் தந்தது.

1879ஆம் ஆண்டின் எழுத்து 'வை'. இந்த ஊரில் நின்று அந்த ஆண்டைச் சொன்னால் ஒருவரை நினைக்காமல் போக முடியாது. புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அந்த ஆண்டு ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்து கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். இங்கே செயின்ட் மேரிஸ் தேவாலய மயானத்தில்தான் அடக்கம். அவரும் கண்ணாடியோடு மல்லுக்கட்டியவர்தான்; கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்த காலம் அது. தன் படங்களின் உரிமையை லண்டனில் முறையாகப் பதிவு செய்து வைத்தவர். படத்துக்கு ஒரு பதிவேடு, கண்ணாடித் தட்டுக்கு ஒரு பதிவேடு. அந்தக் காலத்து இங்கிலாந்து எதையும் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டதில்லை. பதிவேட்டில் ஆளையே எண்ணாக ஏற்றிய தோட்டத்துக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1884 ஜனவரியில் சாய்சதுரம் போய் எண் வந்தது. 'ஆர்டி' எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் எண், ஒன்றிலிருந்து தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 1885 தொடக்கத்தில் 19,754. 1890இல் 1,41,273. 1900இல் 3,51,202. உங்கள் தட்டில் இரண்டு லட்சத்துச் சொச்சம் இருந்தால் 1892 கடைசி, அல்லது 1893 என்று வைத்துக்கொள்ளலாம். ஹட்டனுக்கு ரயில் வந்ததும் அதே 1884. அதற்கு முன் 1874 முதல் நாவலப்பிட்டியோடு பாதை நின்றிருந்தது. அங்கிருந்து மாட்டு வண்டிதான். ஆகவே சாய்சதுரம் போட்டது மாட்டு வண்டியில் வந்தது, எண் போட்டது ரயிலில் வந்தது என்று ஒரு கணக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கணக்கை நம்பிவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

பதிவு எண் சொல்வது வடிவத்தின் பிறந்த நாளை. உங்கள் கையிலிருக்கும் சாமானின் பிறந்த நாளை அல்ல. இரும்பு அச்சு விலை கூடியது. ஒரு முறை வெட்டினால் தேயும்வரை விடமாட்டார்கள். சவர்பி நிறுவனம் 1880களில் படகு வடிவத்தில் ஒரு பேனாத் தட்டுப் போட்டது. அந்த வடிவத்தையே பல ஆண்டு கழித்து, 20ஆம் நூற்றாண்டில், வானவில் மினுக்கு ஏற்றிய கண்ணாடியாக மறுபடி விற்றது. முத்திரையை மட்டும் படிக்கிறவர் விக்டோரியா காலம் என்பார். மினுக்கைப் பார்க்கிறவர் அடுத்த தலைமுறை என்பார். இரண்டாமவர் சொல்வதுதான் சரி.

இன்னொன்று: பிரிட்டனில் செய்த அச்சுக் கண்ணாடியில் பெரும்பகுதிக்கு முத்திரையே கிடையாது. சிங்கமும் மயிலும் சில பத்தாண்டுகளுக்குத்தான் வழக்கில் இருந்தன. முத்திரை இல்லாததால் ஒரு சாமான் மட்டமானது என்றோ, இருப்பதால் உயர்ந்தது என்றோ ஆகாது. டேவிட்சன் 1889இல் 'பேர்ல்லைன்' என்று ஒரு வகை கொண்டு வந்தது. உடம்பு நீலம் அல்லது மஞ்சள், விளிம்பில் பால் வெள்ளை. அதை நிறத்தாலேயே அறியலாம். மஞ்சள் வகையில் யுரேனியம் சேர்த்திருப்பார்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் பச்சையாக ஒளிரும். பார்ப்பதில் பயமில்லை. அதில் பாயசம் ஊற்றிக் குடிக்க மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

பங்களாச் சாமான் எப்படி லயத்துக்கும் ஸ்டாஃப் வீட்டுக்கும் வந்தது? 1972 காணிச் சீர்திருத்தத்தில் தனியார் காணிகள் போயின. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். பியானோவைக் கொண்டு போனவர் ஊறுகாய்த் தட்டைக் கொண்டு போகவில்லை. அப்பு, சமையல்காரர், தோட்டக்காரர், கிளாக்கர் என்று கைமாறியது. இதனால் 'துரை பங்களாக் கிளாஸ்' என்பது ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. அந்தப் பட்டத்தோடு எனக்குக் காட்டப்பட்ட சாமான்களில் ஒரு நல்ல பங்கு பங்களா வாசலையே மிதிக்காதவை. அதை மரியாதையாகச் சொல்ல ஒரு வழி உண்டு: அடியில் 'மேட் இன்' என்று தொடங்கும் வரியைக் காட்டிவிட்டால் போதும்.

1887இல் பிரிட்டனும் 1888இல் இலங்கையும் வணிகச் சின்னங்களுக்குச் சட்டம் கொண்டு வந்தன. வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்குப் போல விற்கக் கூடாது என்பது நோக்கம். அதன் பிறகுதான் நாட்டின் பெயர் சாமானில் பரவலாக ஏறியது. நாட்டின் பெயர் நல்ல கடிகாரம். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918க்கு முன் இருக்க முடியாது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பிந்திய அமெரிக்க ஆட்சிக் காலம், 1952க்குள். 'மேட் இன் சிலோன்' என்றால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன். கம்பெனியின் பெயரில் சிலோன் தொடர்ந்து இருக்கலாம். நாட்டின் பெயர் இருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

பங்களாச் சமையலறைச் சாமான் ஒன்று இன்னும் பல வீடுகளில் அடுப்படியிலேயே உழைக்கிறது: பைரெக்ஸ் பாத்திரம். அதன் அடியில் ஒரு சிறு கிரீடமும் 'ஜே ஏ ஜே' எழுத்துகளும் இருந்தால், அது ஜேம்ஸ் ஏ. ஜாப்லிங் என்ற சண்டர்லாண்ட் நிறுவனம். அமெரிக்காவின் கார்னிங் 1915இல் விற்கத் தொடங்கிய கண்ணாடியை 1921இல் உரிமம் வாங்கி பிரிட்டனில் செய்தது அது. முன்பு சொன்ன கோடரிச் சிங்கம் கிரீனர் இருக்கிறதல்லவா? அந்தத் தொழிற்சாலைதான் கைமாறி ஜாப்லிங் ஆனது. சிங்கத்தின் வாரிசு உங்கள் அடுப்படியில் புட்டிங் வேகவைக்கிறது.

இந்தியச் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் போட்ட கண்ணாடி வளையலுக்குப் பேர் போன ஊர் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத். அங்கே ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ் 1928இல் தொடங்கியது. சூடான கண்ணாடியில் உலோக உப்பைத் தெளித்து வானவில் மினுக்கு ஏற்றும் வேலை அவர்களிடம் இருந்தது. யானை உருவம் வைத்த பூச்சாடி, பூச்சாடியைத் தாங்கும் கை, மீன் சுற்றிய சாடி, பூ வேலைக் கிளாஸ் எல்லாம் அங்கே பிறந்தவை. அடியிலோ வேலைப்பாட்டின் நடுவிலோ ஆங்கிலத்தில் 'ஜெயின்' என்று நான்கு எழுத்து வைத்தார்கள். மேலை நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இந்த வகை எங்கிருந்து வந்தது என்று காட்டிக் கொடுத்தது அந்த நான்கு எழுத்துதான். ஒவ்வொன்றும் சற்றுக் கோணலாக, குமிழி விழுந்து, கனமாக இருக்கும். எனக்கு அந்தக் கோணல் பிடிக்கும்.

போத்தலைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டு நகர்கிறேன். போத்தலின் முன்புறத்தில் பெரிதாக இருப்பது பானம் நிரப்பியவரின் பெயர். கண்ணாடி செய்தவரின் பெயர் கீழே, குதிகாலுக்குப் பக்கத்தில், சின்னதாக. யானை போட்ட போத்தலைக் கொழும்பு ஐஸ் கம்பெனியின் வழிவந்தவர்கள் நிரப்பினார்கள். அவர்கள் கண்ணாடி ஊதியவர்கள் அல்ல. பழைய கோலிக்குண்டுச் சோடாப் போத்தலில் அடியோரம் 'பார்ன்ஸ்லி' என்ற ஊர்ப் பெயர் தெரிந்தால், யார்க்‌ஷயரில் வார்த்த போத்தல் என்று அர்த்தம். பொருளின் பெயரும் செய்தவன் பெயரும் இரண்டு வேறு கதைகள்.

இனி மூன்றாவது வழிக்கு வருகிறேன். அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் கிளாஸ் செட் எத்தனை லயத்து வீடுகளில் இருக்கிறது! தேன் நிறத்தில் ஆறு கிளாஸ், ஆறு தட்டு. குவைத்திலோ ரியாத்திலோ பெய்ரூத்திலோ வேலை செய்த அம்மா போர்வைக்குள் சுற்றிக் கொண்டு வந்தது. அடியைத் திருப்பினால் 'பிரான்ஸ்'. ஆம், அரபு நாட்டிலிருந்து வந்த சாமானில் பிரான்ஸ். அந்தத் தேன் நிறமும் நீலப் பச்சையும் பெரும்பாலும் டியூராலெக்ஸ். பிரான்ஸின் ஓர்லேயான் நகரத்துக்குப் பக்கத்தில், 1945இல் தொடங்கிய பெயர். சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்து இறுக்கிய கண்ணாடி. கொதிக்கும் தேத்தண்ணிக்குத் தாங்கும், விழுந்தாலும் எளிதில் உடையாது. உடைந்தால் கத்தியாக இல்லாமல் பொடிப்பொடியாகக் கொட்டும். வெள்ளைப் பால் நிறத்தில் பூப் போட்டிருந்தால் ஆர்கோபால், அதுவும் வட பிரான்ஸின் ஆர்க் என்ற ஊரிலிருந்து. லுமினார்க் என்ற பெயரும் அதே வீட்டுப் பிள்ளை. துருக்கியின் பாஷாபாச்சே, தாய்லாந்தின் ஓஷன் என்றும் காண்பீர்கள். ஓஷன் நம் கடைகளிலும் கிடைத்தது.

டியூராலெக்ஸ் கிளாசின் உள்ளடியில் ஓர் எண் இருக்கும். அது தேதி அல்ல, அளவு அல்ல, விலையும் அல்ல. எந்த அச்சில் வார்த்தது என்று காட்டும் எண். ஒரே செட்டில் ஒரு கிளாசில் 7, இன்னொன்றில் 31 இருந்தால் செட் கலந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் இந்த எண்ணைப் பார்த்து 'உனக்கு இத்தனை வயது' என்று விளையாடுவார்கள்.

இந்தக் கிளாஸ் எப்போது வாங்கியது என்று முத்திரை சொல்லாது. பத்தாண்டுக் கணக்கில் ஒரே அச்சு, ஒரே நிறம். ஆனால் பதிவேடு ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: அம்மாவின் பழைய பாஸ்போர்ட். போன தேதி, வந்த தேதி, விமான நிலைய முத்திரை எல்லாம் அதில் இருக்கும். சவர்பி தட்டுக்கு லண்டன் பதிவேடு தருவது வடிவத்தின் தேதி மட்டுமே. இந்தக் கிளாஸ் மலை ஏறிய மாதத்தையே பாஸ்போர்ட் தருகிறது. எந்த இங்கிலாந்துச் சேகரிப்பாளருக்கும் இவ்வளவு துல்லியம் கிடைத்ததில்லை. ஆனால் பாஸ்போர்ட் காலாவதியானதும் எரிக்கிற வீடும் உண்டு, கிளாஸ் ஒன்று உடைந்ததும் மிச்ச ஐந்தையும் பழைய சாமான்காரரிடம் கொடுக்கிற வீடும் உண்டு. மயில் தலைத் தட்டைப் பாதுகாக்க உலகத்தில் ஆள் இருக்கிறார்கள். இதற்கு நம்மைத் தவிர யாரும் இல்லை.

முத்திரையைப் படிக்கும் முறை எளிது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். சாம்பலும் மணலும் வேண்டாம், முத்திரையின் மேடு தேய்ந்துவிடும். ஈரம் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மேடான எழுத்து என்றால் கொஞ்சம் முகப்பவுடர் தடவித் துடைத்துவிட்டு, கைபேசியில் படமெடுங்கள். அல்லது மெல்லிய கடதாசியை வைத்து பென்சிலைப் படுக்கையாகத் தேயுங்கள். அமிலத்தால் எழுதிய முத்திரை தடவினால் தெரியாது. வாயால் ஊதுங்கள், மூச்சின் ஈரம் படிந்து மறையும் முன் எழுத்து எழும்பி நிற்கும். பொகவந்தலாவையில் மார்கழிக் காலையில் ஊதவும் தேவையில்லை.

பிறகு அடி விளிம்பைப் பாருங்கள். பல ஆண்டு மேசையில் உரசிய கண்ணாடியில் கீறல் கண்டபடி எல்லாத் திசையிலும் ஓடும். எல்லாக் கீறலும் ஒரே பக்கம் ஒழுங்காக ஓடினால், யாரோ உப்புத்தாளை எடுத்திருக்கிறார்கள். விளிம்பைச் சுண்டிப் பாருங்கள்: ஈயம் சேர்ந்த பழைய கண்ணாடி நீளமாக ஒலிக்கும், சோடாக் கண்ணாடி 'டக்' என்று நிற்கும். முத்திரை ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால் உடம்பை நம்புங்கள்.

விலை என்னவென்று கேட்கத் துடிக்கிறீர்கள், தெரிகிறது. மலிவாக விற்க ஆயிரக்கணக்கில் செய்த சாமான் இது. பெரும்பாலானவை இன்றைக்கும் மலிவுதான். வாசலுக்கு வந்து 'பழைய இங்கிலீஷ் கிளாஸ்' என்று ஆசை காட்டுகிறவரிடம், அதில் என்ன முத்திரை, எந்த ஆண்டு என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சாமானுக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி போட்டு வையுங்கள். கண்ணாடி மேல் பேனாவோ நகப்பூச்சோ வேண்டாம். முத்திரை என்ன, எங்கே இருக்கிறது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் கொண்டு வந்தார்கள், எந்த ஆண்டு. கேள்விப்பட்டது என்றால் 'கேள்வி' என்றும், பார்த்தது என்றால் 'பார்த்தது' என்றும் எழுதுங்கள். பங்களாக் கதை என்றால் எந்தத் துரை காலம் என்பதையும் சொன்னவரையும் எழுதுங்கள்.

இனி மேசைக்கு வரலாம். போத்தல்கள் இந்தப் பக்கம், தட்டும் கிளாசும் அந்தப் பக்கம். பாஸ்போர்ட்டோடு வந்திருக்கிற அம்மாமார் முதலில் வாருங்கள்.